பவுண்டு மாடும் பாலர் சபையும்

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் ஒரு பஞ்சாயத்து இருந்தது. பேர் சொன்னால் கேஸ் போடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் மேலிடத்திலிருந்து அதற்கு ஒரு சர்க்குலர் வந்தது: ‘விதிகள் இயற்றுங்கால் சிறார்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதா?’

இல்லை என்று எழுதினால் மரியாதையாக இருக்குமா? பிரசிடெண்டு அழகியமணவாளன் உடனே பாலர் சபை அமைத்துவிட்டார். பன்னிரண்டு அங்கத்தினர்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து வெல்வெட் குல்லா. அந்த வருஷத்து நாகரிகம் அது.

முதல் கூட்டத்தில் பிரசிடெண்டு குழந்தைகளின் குரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். குழந்தைகள் குரல் எழுப்பாமல் பார்த்துக்கொள்ள கிளார்க் பிச்சைமுத்து பிரம்போடு நின்றார்.

அப்படியும் மீரான் மகள் கமருன்னிசா எழுந்துவிட்டாள். ஒன்பது வயசு.

“ஸ்கூல் வாசல்ல, ஊர் மேயற மாட்டைப் பிடிச்சு அடைக்கிற பவுண்டு இருக்குங்க. நேத்து காளை வேலிக்கு மேலே பாஞ்சு முட்ட வந்து என் சிலேட்டு உடைஞ்சு போச்சு. இன்னொரு தடவை முட்ட வந்தா அத்தா என் படிப்பை நிறுத்திடுவாங்க. பவுண்டை வேற இடத்துக்கு மாத்துங்க.”

“காளையைச் சட்டப்படி பிடிச்சு அடைச்சிருக்கு. உன்னை யாராச்சும் பிடிச்சு அடைச்சாங்களா?” என்றார் பிச்சைமுத்து.

“இல்லீங்க. நானா வரேன்.”

“பாத்தியா. காளைக்கு அந்த வசதி இல்லே.”

இருந்தும் பன்னிரண்டு கையும் உயர்ந்தன. மைனர் கையெழுத்து செல்லாதே என்று பிரசிடெண்டு மூன்று நாள் யோசித்து உத்தரவு போட்டார்: ‘தீர்மானம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. பிரேரேபித்தவர் மேஜரானதும் அமுலுக்கு வரும்.’

அடுத்த வாரம் காளை மறுபடி பாய்ந்தது. கமருன்னிசாவின் படிப்பு நின்றது. பாலர் சபைக்கு மேலிடத்துப் பாராட்டுக் கடிதம் வந்தது.

பதிமூன்று வருஷம் கழித்து அவள் தன் ஆறு வயசு மகள் சுராயாவை அதே ஸ்கூலில் சேர்க்க வந்தாள். வாசலில் காளை வேறு, பவுண்டு அதேதான். நேரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

“நான் மேஜராயிட்டேங்க. தீர்மானத்தை அமுல் பண்ணுங்க.”

தலை நரைத்த பிச்சைமுத்து ஃபைலைத் தூசி தட்டினார். “பேஷாப் பண்ணலாம்மா. ஆனா இது பாலர் சபைத் தீர்மானம். பாலர் யாராச்சும் வந்துதான் கேக்கணும். நீங்கதான் மேஜராயிட்டீங்களே.”

கமருன்னிசா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“வருத்தப்படாதீங்க. சபையிலே ஒரு இடம் காலியா இருக்கு. பாப்பா நல்லாப் பேசுமா? பேப்பர்லே போட்டோ வரும்.”

அவள் மகளைப் பார்த்தாள். ஜன்னல் வழியே காளையைப் பார்த்தாள்.

“இப்பவும் வெல்வெட் குல்லாதானுங்களா?”

“சே, மந்திரிசபையே மாறியாச்சு. இப்போ கதர்ப் பாவாடை.”

மகளைக் காளைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்கு ஓடினாள். கதர் தீர்ந்துபோயிருந்தது. அந்த ஒரு இடத்துக்கு அவளுக்கு முன்னால் நாற்பது தாய்மார்கள் வாங்கிப் போயிருந்தார்கள்.