மாடிப்படி அடியில் நிற்கும் உன் வண்டி விஷயமாக

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டதோடு கடமை முடிந்தது என்று நம்பி ஏமாந்து, இப்போது உன் மோட்டார் சைக்கிளையும் சேர்த்துக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கும் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும். இருக்காமல் என்ன, வண்டிதான் இங்கே இருக்கிறதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை விற்க ஆள் கூட்டி வருவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வா. ஆனால் வருவதற்கு முன்னால் நீ விட்டுப் போன வண்டிக்கும் இப்போது நிற்கிற வண்டிக்கும் இடையில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நின்றுகொண்டு 'இது யார் வண்டி அத்தான்?' என்று கேட்பாய், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வேலை மாற்றலாகிப் போகிற அன்று மாடிப்படி அடியில் வண்டியை நிறுத்திவிட்டு நீ என்ன சொன்னாய்? "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க அத்தான், அது போதும்." கையில் ஒற்றைச் சாவியைக் கொடுத்தாய். ஸ்பேர் சாவி எங்கேடா என்றேன். "அது வண்டி வாங்கின புதுசுலயே தொலைஞ்சு போச்சு" என்று ஏதோ பதக்கம் வாங்கியவன் மாதிரி சொன்னாய். உங்கள் குடும்பத்தில் தொலைப்பதற்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. என் குடும்பத்தில் அப்படி இல்லை. அதனால்தான் நான் அந்த ஒற்றைச் சாவியைத் தொலைக்கவில்லை, அது தானாகத் தொலைந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று உன் அக்காவுக்கு விளக்கினேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவே இல்லை. மெத்தையைப் புரட்டி, பீரோவை நகர்த்தி, கடைசியில் சோபாவின் வயிற்றைக் கிழித்தும் பார்த்தாயிற்று. சாவி கிடைக்கவில்லை. சோபாவுக்காக உன் அக்காவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு சுவரோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போனேன். வண்டிக்குச் சாவி செய்யணும் என்றேன். "பழைய சாவியக் குடுங்க" என்றார். பழைய சாவி இருந்தால் நான் எதற்கு உங்களிடம் வருகிறேன் என்றேன். "எல்லாரும் தொலைச்ச அப்புறம்தான் சார் வர்றாங்க. இருக்கறப்பவே வந்தா எவ்வளவு சுலபம்" என்று மனம் உடைந்து பேசினார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. வண்டியைக் கொண்டு வந்தால் பூட்டைப் பார்த்து ராவித் தருவதாகவும், தான் எழுந்து வந்தால் இந்த இடத்தில் வேறு எவனாவது குடை விரித்துவிடுவான் என்றும் சொன்னார். நியாயம்தான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று வெளியே எடுத்தேன். நான் ஜாக்கிரதைப் பேர்வழி என்பது உனக்குத் தெரியும், ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்துப் பூட்டி வைத்திருந்தேன். தள்ளினேன். வண்டி அழகாக வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. பலம் போதவில்லை என்று நினைத்து வேகமாகத் தள்ளினேன், வேகமாக வட்டமடித்தது. மாடிவீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டே முழுவதையும் பார்த்துவிட்டு, "என்ன சார், வாக்கிங்கா?" என்றார். கடைசியில் காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியைக் கெஞ்சி வாங்கி, நாலு பேர் பிடித்து உன் வண்டியை அதன்மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஓர் அம்மாள் பையை விரித்துக்கொண்டு ஓடி வந்து, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தக்காளி இல்லையா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டு போனாள். அரசாங்க அலுவலகத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான், மச்சான். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

சாவிக்காரர் ராவினார், விட்டார், திருகினார். சாவி பாதி உள்ளே, பாதி அவர் கையில். "பூட்டு செத்துப் போச்சு சார்" என்று சொல்லி எதிர்ப்பக்க மெக்கானிக்கைக் காட்டினார். மெக்கானிக் பூட்டை உடைத்தெடுத்து என் கையில் வைத்து, இதே மாதிரி பூட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இருக்கிறாரே, அவர் வந்தவன் முகத்தைப் பார்க்கிற வழக்கமே இல்லை. தலையைக் குனிந்தபடி கையை நீட்டி "சாம்பிள்?" என்பார். பழைய உருப்படியைக் கையில் வைத்தால்தான் வாய் திறப்பார். பூட்டை வைத்தேன். "இந்த மாடல் நின்னு போச்சு. அடுத்த மாடலோடது இருக்கு. போட்டா உக்காரும்" என்றார். உக்காரும் என்கிற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் நாசமானேன். பூட்டு உட்காரவில்லை. அது உட்கார அடுத்த மாடல் பிராக்கெட் வேண்டும் என்றார் மெக்கானிக். பிராக்கெட் உட்கார ஹெட்லைட் கூடு, ஹெட்லைட் கூடு உட்கார ஹேண்டில், ஹேண்டிலுக்காகப் புது கேபிள்கள். இப்போது உன் வண்டி முன்பாதி ஒரு மாடல், பின்பாதி ஒரு மாடல். நடுவில் சீட்டு மட்டும் யார் பக்கம் என்று தெரியாமல் இருக்கிறது.

தினமும் ஒரு சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போவது என் உத்தியோகம் ஆகிவிட்டது. ஒருநாள் இன்ஜின் ரப்பர் ரிங் ஒன்று வேண்டியிருந்தது. பழையதைக் கழுவி அடுப்படி மேடையில் காய வைத்திருந்தேன். அவசரத்தில் உன் அக்காவின் குக்கர் ரப்பரை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைத்துவிட்டேன். கடைக்காரர் அதை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், உள்ளே போய் வெகு நேரம் தேடிவிட்டு வந்து, "ஒரிஜினல் கம்பெனியே நிறுத்திட்டான் சார். டூப்ளிகேட் தரட்டுமா? உக்காரும்" என்றார். வாங்கி வந்துவிட்டேன். குக்கரில் உட்கார்ந்தது. இந்த மொத்தக் கூத்திலும் அவர் சொன்னபடி உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

சரி, வண்டி ஓடுகிறது. சாவி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பூட்டும் ஒவ்வொரு நாளில் வாங்கியது, ஆகவே ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி, ஹேண்டிலுக்கு ஒன்று, டாங்கி மூடிக்கு ஒன்று, சைட் பாக்ஸுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்தேன். பள்ளத்தில் வண்டி இறங்கினால் கொத்தின் கனத்தில் சாவி தானாகத் திரும்பி, இன்ஜின் நடுரோட்டில் அணைந்துவிடும். பின்னால் வருகிறவன் என் வம்சத்தையே விசாரிப்பான். ஆகவே ஸ்டார்ட் சாவியை மட்டும் தனியே கழற்றிக்கொண்டேன். பட்ட பாட்டை நினைத்து எல்லாச் சாவிக்கும் ஸ்பேர் செய்தேன். மற்ற சாவிகள், அவற்றின் ஸ்பேர்கள், ஸ்டார்ட் சாவியின் ஸ்பேர், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இனி எந்தக் காலத்திலும் தொலையாதபடி சைட் பாக்ஸில் வைத்து அழுத்தி மூடினேன். அது தட்டினால் தானே பூட்டிக்கொள்கிற ரகம். அதன் சாவி உள்ளே. டாங்கி சாவியும் உள்ளே. இருக்கிற பெட்ரோல் தீர்கிற வரைதான் இந்த வண்டிக்கு ஆயுசு.

எனக்கு வெறுத்துவிட்டது, மச்சான். ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூட்டி வந்து இந்தச் சனியனைத் தள்ளிக்கொண்டு போய்விடு. நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். வாங்குகிறவனிடம் ஒன்று மட்டும் சொல்லி வை. காலையில் சோக்கை முழுக்க இழுக்கக் கூடாது, முக்கால்தான். கிக்கரை ஓங்கி உதைக்கக் கூடாது, பாதி மிதித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு மிதிக்க வேண்டும். மழையில் நிறுத்தக் கூடாது. இரண்டாவது கியரில் ஒரு சின்ன முனகல் வரும், அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். முரட்டு ஆளாக இருந்தால் கூட்டி வரவே வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல். எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல், எந்த வண்டியும் இல்லாமல், நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
கைகழுவிவிட்ட (மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் கறுப்புப் போகாத)
உன் அத்தான்

பின்குறிப்பு:

தம்பி, இதை எழுதுவது அக்கா. உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு உன் அத்தான் வண்டி துடைக்கப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூட்டி வராதே. பழைய சாவி தொலைந்த இரண்டாம் நாளே, துவைக்க எடுத்த சட்டையில் எனக்குக் கிடைத்துவிட்டது. கொடுக்கலாம் என்று போனேன், அதற்குள் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். ஓய்வு பெற்று வந்ததிலிருந்து நாள் முழுக்க அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் உப்புப் போடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் எப்படிக் கொடுப்பேன்? சைட் பாக்ஸை அவர் குளிக்கப் போனபோது ஹேர்பின் விட்டுத் திறந்து, சாவிகளை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு எங்கேயோ கிடைத்த மாதிரி கொடுத்துவிடுவேன்.

நேற்று சாயங்காலம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, "பின்னாடி சீட்டு நல்லாத்தான் இருக்கு. உனக்கு எங்க போகணும்?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து இவர் போகிற இடத்துக்கெல்லாம் நான் பின்னால் போயிருக்கிறேன். எனக்கு எங்கே போகணும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நிறைய இடம் இருக்கிறது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி இங்கேதான் நிற்கும், வாங்க வருகிற ஆளை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்.