ரெண்டே படுக்கை

பெவனின் வலது கால் படகின் தரையைத் துளைத்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போயிருந்தது. படகு ஒன்றும் தண்ணீரில் இல்லை. ரென்விக் ஊரில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரமாக, டிரெய்லர் மேல், ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே நின்றிருந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் விற்கிறவர்.

"அத்தான், இது வேணாம்," என்று காலை உருவிக்கொண்டான் பெவன்.

ஹாமிஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகின் மேல் இல்லை, மச்சினன் மேல். முதலில் பார்த்த படகில் மெத்தை நாறுகிறது என்றான். அடுத்ததில் இன்ஜின் சத்தம் சரியில்லை என்றான். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், எம்பி எம்பிக் குதித்தான். வாங்கப் போகிற படகில் எவனாவது குதிப்பானா?

ஹாமிஷ் ப்ளெனம் ஊரில் வாகனங்களைச் சோதித்துத் தகுதிச் சான்று தருபவர். வாரம் முழுக்க மற்றவர்களின் டயரையும் பிரேக்கையும் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிற மனிதர். சனி ஞாயிறு வந்தால் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், விடிந்தும் விடியாததுமாக வாசலில் பெவனின் பிக்கப் வண்டி ஹாரன் அடிக்கும். மலை ஏறப் போகலாம், மீன் பிடிக்கப் போகலாம், பழைய டிராக்டர் கண்காட்சிக்குப் போகலாம் என்று ஏதாவது ஒன்று வைத்திருப்பான். இவ்வளவுக்கும் மீன் பிடிக்கப் போனால் அவன் தூண்டிலைத் தொடக்கூட மாட்டான். படகில் ஏறியதும் கண்ணை மூடிப் படுத்துவிடுவான். சோம்பேறி என்று ஹாமிஷ் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அவர் மனைவி நைரிக்குத் தம்பி என்றால் உயிர். இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, "அவன் பாவம், தனியாப் போவான்," என்று கணவனை வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். எப்போதோ ஒரு ஞாயிறு மழை கொட்டி, எங்கும் போக முடியாமல் போனது. அன்றைக்கு ஹாமிஷ் அலமாரியிலிருந்த தட்டுகளையெல்லாம் இறக்கி அளவுவாரியாக அடுக்கினார். தூசி உறிஞ்சும் கருவியின் சக்கரம் கோணல் என்று கண்டுபிடித்து, அவள் அதை எப்படித் தள்ள வேண்டும் என்று செய்து காட்டினார். மாலையில் அவள் கத்தரிக்கோலைத் திருப்பி வைக்கும் இடத்தையும் மாற்றிக் கொடுத்தார். அவருக்கு அது பொன்னான நாள். அப்படிப்பட்ட நாட்களைத்தான் பெவன் திருடிக்கொண்டிருந்தான்.

இனி விடுவதில்லை என்று ஹாமிஷ் தீர்மானித்துவிட்டார். கேபின் வைத்த பழைய படகு ஒன்று வேண்டும். வெள்ளி சாயங்காலம் இழுத்துக்கொண்டு போய் சவுண்ட்ஸ் கடல்பகுதியில் ஏதாவது ஒரு குடாவில் இறக்கி, நங்கூரம் போட்டு, நைரியும் அவரும் மட்டும் ஞாயிறுவரை இருக்க வேண்டும். கேபினில் ரெண்டே படுக்கைதான் இருக்க வேண்டும். மூன்றாவது படுக்கை இருந்தால் அதில் பெவன் படுத்திருப்பான். இந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

படகு என்று வாயெடுத்ததும் நைரி முகம் மலர்ந்துபோனது. "கேபின் இருக்கறதாவே பாரு ஹாமிஷ்," என்றாள். "ராத்திரியும் அங்கேயே தங்கலாமே." அந்த ஒரு வார்த்தையில் மனுஷர் உருகிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் இருந்தது ஒரு சின்னக் கார். அது படகை இழுக்காது, அதன் டிரெய்லரைக்கூட இழுக்காது. பிக்கப் பெவனிடம்தான் இருந்தது. அதனால் படகு பார்க்கப் போகும்போதெல்லாம் அவனும் கூடவே வந்தான்.

ரென்விக்கிலிருந்து திரும்பும் வழியில் ஹாமிஷ் பேச்சை ஆரம்பித்தார். "இனிமே படகு பாக்க நீ வர வேணாம்."

"வண்டிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அது என் பாடு."

"படகு எதுக்கு அத்தான்? நல்ல சைக்கிளா ஒண்ணு வாங்கலாமே," என்றான் பெவன் பரிதாபமாக. ஹாமிஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே சின்னக் காரை விற்றுத் தள்ளிவிட்டு, ஊரில் இருந்ததிலேயே மூத்த பிக்கப் ஒன்றை வாங்கி வந்தார். அந்தக் கார் நைரி ஓட்டுவது. பெரிய சண்டை வரும் என்று தயாராக நின்றார். அவளோ, வேலை பார்க்கும் நூலகம் பக்கம்தானே, நடந்து போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, படகு எப்போது வரும் என்று கேட்டாள்.

பிக்டன் துறைமுகத்தில் அந்தப் படகு கிடைத்தது. நீலநிறப் பலகைப் படகு. ஒரு சின்ன காஸ் அடுப்பு, பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டே படுக்கை. ஹாமிஷ் அடியில் படுத்து, விரல் மூட்டால் தட்டி, ஒவ்வோர் ஆணியாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. விற்றவர் பெரிய கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் யார் போகப் போகிறீர்கள் என்று விசாரித்தார்.

"நானும் என் மனைவியும்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேபின் வேணும்னு சொன்னதே அவதான்," என்றார் ஹாமிஷ் பெருமையாக.

டிரெய்லரை மாட்டும்போது ஒரு தவறு நடந்தது. பிக்கப்பின் பின்னால் இருந்த இரும்புக் குண்டு, டிரெய்லரின் வாய்க்கு ஒரு அளவு சின்னது. மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தினாற்போலத்தான் இருக்கும். இதே தவறுக்காக ஹாமிஷ் ஊரில் பாதிப் பேருக்குச் சான்று தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். மச்சினன் இல்லாமல் தானே இழுத்துப் போகும் சந்தோஷத்தில் குனிந்து பார்க்கவில்லை. முதல் வளைவிலேயே டிரெய்லர் துள்ளிக் கழன்றது. சங்கிலி பிடித்துக்கொண்டதால் கடலுக்குப் போகாமல் படகு பள்ளத்தில் சாய்ந்து நின்றது.

வேறு வழியில்லாமல் பெவனையே கூப்பிட வேண்டியதாயிற்று. அவன் பறந்து வந்தான்.

"உடைஞ்சிருச்சா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"கீறல்கூட இல்ல. இழுத்து விடு, போதும்."

பெவன் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டான். திமிரைப் பார், இவனுக்குப் பொறாமை என்று ஹாமிஷ் நினைத்தார்.

வீட்டுக்கு வந்தால் கார் நிறுத்தும் கொட்டகை படகைவிடச் சாண் உயரம் குறைவு. அவ்வளவு தூரம் வந்தவர் ஒரு சாணுக்காகத் தோற்றுப்போவாரா? ரம்பத்தை எடுத்துக் குறுக்கு உத்தரத்தை அறுத்தார். நைரி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பாதிக் கூரை அவள் வளர்த்த பூச்செடிகள் மேல் உட்கார்ந்தது. அவள் முகம் கோணவில்லை.

"போனாப் போகுது. வெள்ளிக்கிழமை கிளம்பிடலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று ஹாமிஷ் பூரித்துப்போனார்.

வெள்ளி சாயங்காலம் சரியான குண்டை மாட்டி, இரண்டு தரம் குனிந்து பார்த்து, படகோடு வாசலில் தயாராக நின்றார். அப்போது பழகிய ஹாரன் கேட்டது. பெவன் தலையணையும் போர்வையுமாக இறங்கினான். பல் பிடுங்கப் போகிறவன் முகம். வண்டியை ஓட்டி வந்த அவன் மனைவி ரேவின் உள்ளேயே இருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து நைரி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள், காலில் வீட்டுச் செருப்பு.

ஹாமிஷ் பிக்கப் கதவின் குறுக்கே போய் நின்றார்.

"பெவன், இதுல ரெண்டே படுக்கை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்க அக்காவுக்கு. உனக்கு இல்ல. இந்த வாரமும் இல்ல, எந்த வாரமும் இல்ல. நீ கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நான் வந்தது போதும். இனிமே என் சனி ஞாயிறு என்னோடது."

சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்தாயிற்று. மச்சினன் அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, ஓர் அடி பின்வாங்குவதில்லை.

பெவனின் தலையணை கீழே விழுந்தது. ஓடி வந்து ஹாமிஷை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"நெசமாவா அத்தான்? மாத்திப் பேச மாட்டீங்களே?"

நைரி கையிலிருந்த கூடை மெல்லத் தரைக்கு இறங்கியது. ரேவின் வண்டி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"அப்போ சனி ஞாயிறுல உங்க வீட்டுக்காரரை வீட்டை விட்டுக் கிளப்ப, இனிமே நீங்க வேற ஆளைத்தான் பாக்கணும் அக்கா."