தன் அணி தோற்கும் என்று பந்தயம் கட்டிய ஆலன்

மதிப்பிற்குரிய மச்சான் ஜெய்சன் அவர்களுக்கு,

மதுரையிலிருந்து தனிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே தங்கள் தங்கை ஆனிமேரிக்கு ரத்த அழுத்தம், எனக்கு நெஞ்செரிச்சல், தங்கள் மருமகன் ஆலன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மற்றபடி நலம். அங்கே ஐரினுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன மாதம் திருமங்கலத்தில் கல்லூரி வாலிபால் இறுதியாட்டத்தில், ஆலன் கடைசி ஐந்து புள்ளிகளையும் அடித்தபோது துண்டைச் சுழற்றிக் கத்தினீர்களே, அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் விடுதிப் பையன்களின் வாட்ஸ்அப் பந்தயத்தில் அவன் காசு கட்டியிருக்கிறான், அதுவும் தன் அணி தோற்கும் என்று! பந்தயத்தில் ஜெயித்த பையன், "கப்புக்கும் காசுக்கும் நன்றி ஆலன்" என்று குழுவில் போட்டதை யாரோ விளையாட்டு ஆசிரியருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரி முதல்வர் எங்களை அழைத்து, ஏன் கட்டினாய் என்று ஆலனிடம் கேட்டார்.

"தோத்தா காசாவது வரும், ஜெயிச்சா கப்பு வரும்னு நெனச்சேன் சார். ஆடும்போது கட்டினது ஞாபகமே வரலை."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கல்லூரி முடிவு செய்யும்வரை ஆலன் ஆட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, இந்தப் புத்தி எங்கேயிருந்து வந்தது என்று நான் கத்த, ஆனிமேரி சொன்னாள்: "இருபத்தெட்டு வருசமா நீங்க வீடு வீடாப் போயி வித்தது இதத்தானங்க? இன்சூரன்ஸ் ஏஜெண்டு மகனுக்கு வேற என்ன புத்தி வரும்?" அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. கோரிப்பாளையம் சிக்னலில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "அண்ணே, தம்பி அடுத்து எந்த டீம்ல கட்டுறாப்ல?" என்கிறார்.

நேற்று அணித்தலைவன் ஜெயபாண்டி மொத்த அணியோடும் வாசலில் வந்து நின்றான்.

"அங்கிள், அவன் எங்களை ஏமாத்தலை. இம்புட்டு நல்லா ஆடி அவனையேதான் ஏமாத்திக்கிட்டான். மன்னிப்புக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போடவில்லை. விடியுமுன் எழுந்து தன்னோடு ஓடிய பையன்கள் தோற்றால் தனக்கு ஆதாயம் என்று ஒரு நிமிடம் நினைத்தவன்கூட, அவர்களோடு ஒரே பக்கம் நிற்கக் கூடாது. பெற்ற மனசு கேட்கவில்லை. ஆனாலும் அதுதான் நியாயம். முதல்வர் தங்களோடு படித்தவர். இந்த வருடம் முழுக்க ஆலனை ஆட விடவே கூடாது என்று தாங்கள் கண்டித்துச் சொல்ல வேண்டும்.

ஐரினுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். ஜெபத்தில் எங்களையும் நினையுங்கள்.

தங்கள்,
தனிஸ்லாஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கல்லூரியிலிருந்து போன். எச்சரித்துவிட்டு, ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆலனிடம் போய்ச் சொன்னேன். "நான் போகலப்பா. இனிமே கை தவறி ஒரு பந்தை விட்டாலும், ஜெயபாண்டி என் மூஞ்சியத்தான் பாப்பான்" என்றான். அழக்கூட இல்லை, மச்சான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். உடனே பஸ் ஏறி வந்து, எப்படியாவது அவனை ஆடச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஆட்டம். அவன் பனியனை நானே துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.