ஈரச் சாக்கு போர்த்திய கேக்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி என் வலிக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அத்தான் கேட்டுவிட்டுச் சிரிப்பார், அதைத் தாங்கும் நிலையில் நான் இப்போது இல்லை.

உங்கள் தம்பி மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. போகும் முன்பே கிறிஸ்துமஸ் கேக்கைச் சுட்டு, தகர டப்பாவில் வைத்து, வாரம் ஒருமுறை இரண்டு ஸ்பூன் திராட்சை ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனாள். இருபத்துமூன்றாம் தேதி மகளோடும் பேத்தியோடும் திரும்பி வருகிறாள். போன வாரம் போனில், "மேலே ஐசிங் பூசறதை நீங்களே பாத்துக்குங்க. பூச்சு வேலைதானே, உங்களுக்கு யாரு சொல்லித் தரணும்?" என்றாள். அக்கா, முப்பத்தெட்டு வருடம் ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் பூசினேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவள் அடுப்படியில் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை இதுதான். வெங்காயம் உரிக்கக்கூட என்னைச் சேர்த்ததில்லை. பெருமையில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

எந்த ஐசிங் என்பதில் ஆரம்பித்தது வினை. வெண்ணெய் கிரீம் இந்தப் புழுக்கத்துக்கு வழிந்துவிடும் என்று பயம். மாடி வீட்டுத் தையல்காரரிடம் யோசனை கேட்டேன். கேட்டது என் தப்பு. கடையில் சர்க்கரை மாவு விற்கிறது, போர்வை மாதிரி விரித்துப் போர்த்தலாம், அதுதான் அழகு என்றார். அவரே அளவு நாடாவோடு இறங்கி வந்து கேக்கின் உயரமும் சுற்றளவும் எடுத்தார். வெட்டும்போது தையலுக்கு என்று சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டார். எதைத் தைக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. வேலை நடக்கும்போது குறுக்கே கேள்வி கேட்டால் எனக்கே பிடிக்காது. போர்த்தியதும் சுற்றிலும் மடிப்பு விழுந்தது. இழுத்துவிட்டார், நடுவில் கிழிந்தது. கிழிசலுக்கு ஒட்டுப்போட ஒரு துண்டு வெட்டத் தொடங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டு அவரை மாடிக்கு அனுப்பிவைத்தேன்.

பிறகு கிழிந்த மாவுப் போர்வையை உரித்துப் போட்டுவிட்டு, அவளுடைய சமையல் நோட்டைப் புரட்டினேன். முட்டை வெள்ளைக்கரு, பொடித்த சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. அடித்துப் பூசினால் காய்ந்து சுவர் போல இறுகும் என்று எழுதியிருந்தாள். சுவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அடிப்பூச்சுக்குப் பாதாம் விழுது போட்டு ஒரு நாள் காயவிட்டேன். மறுநாள் சர்க்கரைக் கலவையை அடித்து, புதுப் பூச்சுக் கரணை ஒன்று வாங்கி, கொதிநீரில் கழுவிப் பூசினேன். அக்கா, அந்த ஓரங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தையல்காரரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். சுவர்ப் பூச்சு முடிந்தபின் தண்ணீர் விடாமல் வீட்டுக்குப் போன ஆட்களை நான் வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் காணாத பூச்சு வெடிக்கும், அது எனக்கு ரத்தத்தில் ஊறியது. மறுநாள் காலையில் விரலால் தட்டினேன், நன்றாக இறுகியிருந்தது. கை தானாகச் சொம்பைத் தேடியது. காலையில் ஒருமுறை தெளித்தேன். மதியமும் தெளித்து, ஜன்னல் வெயில் படுகிறதே என்று துவைத்த சாக்கு ஒன்றை நனைத்துப் போர்த்தினேன். சாயங்காலம் சாக்கைத் தூக்கினால் பாதிப் பூச்சு அதோடு வந்துவிட்டது, மீதி தட்டில் பாலாக நின்றது. சர்க்கரை தண்ணீரில் கரையும் என்று எனக்கும் தெரியும் அக்கா. ஆனால் அது பூச்சாக நின்றபோது எனக்குச் சர்க்கரையாகத் தெரியவில்லை.

இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. திட்டுவாள் என்ற பயம் இல்லை, அது பழகியது. திட்டாமல், பரவாயில்லை விடுங்க என்று சொல்லிவிட்டு, இனி எந்த வேலையையும் என்னிடம் தராமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயம். ஆகவே நீங்கள் எட்டு அங்குல வட்டத்தில் ஒரு கேக் சுட்டுப் பூசி, ரகசியமாகப் பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். அவளிடம் மூச்சுவிடக் கூடாது.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் நூறு வயது இருந்து என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தையல்காரர் ஒரு பெட்டியோடு இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பொறுக்கவில்லை என்றார். உங்கள் கேக், அவள் வரும்வரை என் கண்ணில் காட்டக் கூடாது என்ற உத்தரவோடு அவர் பேருக்கு வந்திருக்கிறது. உள்ளே அவளுக்கு நீங்கள் எழுதிய சீட்டு: "நீ கேட்டபடியே பூசியிருக்கேன். தம்பி பூசின மாதிரி தெரியணும்னு ஓரத்தைக் கொஞ்சம் கோணலா விட்டிருக்கேன்." எனக்கு வேலையைக் கொடுத்த கையோடு உங்களுக்கும் போன் போட்டிருக்கிறாள். அதுகூடப் போகட்டும், என் ஓரம் என்றைக்கு அக்கா கோணலாக இருந்தது? கோபத்தில் அவளைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "தண்ணி விட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "கேக்குக்கு ஒண்ணும் ஆகாது. வந்ததும் நான் அடிச்சுத் தர்றேன், நீங்களே பூசுங்க. உங்க கை எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆகையால் மேலே கேட்ட உதவி வேண்டாம். உங்கள் கேக்கை நானும் தையல்காரரும் இப்போதுதான் வெட்டினோம், ஓரத்திலிருந்து.