சரஸ்வதிக்கு வைத்த லப்டொப்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் சோடை போகவில்லை. எழுத்து வாசிப்புக் கொஞ்சம்தான் என்றாலும், சரஸ்வதி பூசையை என்னைவிட வடிவாகச் செய்யப் பாரிஸ் லா சப்பலில் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

நாலு வருடத்துக்கு முன், பூசையன்று. வீட்டிலிருந்தே ஒரு பூரோவுக்கு (கந்தோருக்கு) வேலை செய்கிற மருமகள் கௌசி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். அவளுடைய லப்டொப்பைப் புத்தகங்களோடு படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். (குங்குமமும்தான். குறை வைப்பேனா?)

வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமி, அதைத் தாங்கோ. வேலை கிடக்கு."

"நாளைக்குப் பூசை முடியத்தான் பிள்ளை எடுக்கலாம்."

"அஞ்சு மணிக்குப் பழைய டேட்டாபேஸை நிப்பாட்டிப்போடுவினம். எந்தப் பார்சல் எந்த வண்டியிலை போகவேணுமெண்டு சொல்லுற கட்டளையெல்லாம், ஃபங்ஷன் எண்டுறது, அதுக்குள்ளைதான் கிடக்கு. ரெண்டு வருஷமா எழுதினனான். வேறை பிரதி இல்லை."

"நேத்துப் பிரதி எடுத்தனியெல்லோ?"

"தலை மட்டும்தான் வந்தது மாமி. மிச்சத்தை வெட்டிப்போட்டுது. அது போனா என்ரை வேலையும் போகும்."

"சரஸ்வதி பாத்துக்கொள்ளுவா" என்றேன்.

கௌசி கதிரையில் போய் இருந்து மணிக்கூட்டையே பார்த்தாள். மூன்று மணிபோல அவள் கண்ணைத் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'நாளைப் பூசையை இப்பவே முடிக்கிறன், கோவியாதை தாயே' என்று கற்பூரம் கொளுத்தி லப்டொப்பை எடுத்துக் கொடுத்தேன். சந்தனம் காய்ந்து சீமெந்தாகியிருந்தது. ஒரு எழுத்தும் அமுங்கவில்லை.

ரூ காய் தெருவிலுள்ள பலசரக்குக் கடைக்கு ஓடினேன். (ஓட்டமென்றால் என் வயதுக்குரிய ஓட்டம்.)

"தம்பி, உன்ரை கீபோட்டைத் தா."

"அது பூசையிலை அம்மா. நாளைக்குத்தான் எடுக்கலாம்."

"பிள்ளைக்கு அவசரமெண்டா சரஸ்வதி ஒண்டும் சொல்லமாட்டா."

"போன வருஷம் இதே கடையிலை நிண்டு நீங்கள்தானே அம்மா வேறை மாதிரிச் சொன்னனீங்கள்?"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கீபோட்டை வாங்கி வந்தேன்.

அப்போது நாலே முக்கால். "பட்டியலிலை பாத்தா வெட்டித்தான் காட்டும் மாமி. முழு எழுத்தையும் தா எண்டு டேட்டாபேஸையே கேக்கவேணும்" என்று கௌசி எதையோ தட்டினாள். எழுத்து மழைபோல இறங்கியது.

"கடைசி வரி வந்ததோ?"

"ஓம் மாமி. முடிஞ்சுதெண்டு 'எண்ட்' போட்டுக் கிடக்கு."

அவள் அதைப் பத்திரப்படுத்தி நிமிர, அஞ்சாக மூன்று நிமிடம்.

இப்போது ஒவ்வொரு பூசைக்கும் மகன் என் கைபேசியைத்தான் முதலில் படத்துக்கு முன்னால் வைக்கிறான். "நாளைக்குத்தான் அம்மா எடுக்கலாம்" என்பான். ஊரிலுள்ள தங்கச்சியோடு கதைக்காமல் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். வீடே சிரிக்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டியவள் பேத்தி ஆரணி. எங்கை பிள்ளை, தலையோடை நிப்பாட்டாமல் கடைசி வரி வரைக்கும் வாசி பாப்பம்.