அரியமுத்து நிலைப்படி கடந்த படலம்

வாழ்க! விக்கிரமங்கலத்து வீரத்திலகம், கன்றுத்தோல் போர்த்த வட்டப்பறையை இடத்தோளில் தாங்கியவன், வலக்கையில் பூவரசங்குச்சியும் இடக்கையில் மூங்கிற்சிம்பும் தரித்தவன், முதல் தட்டில் காக்கையையும் இரண்டாம் தட்டில் சாமியையும் மூன்றாம் தட்டில் சாமியாடியையும் எழுப்பவல்ல அரியமுத்து வாழ்க! கங்கைவரை போய் மீண்ட சோழன் படையைப் பாடப் புலவர் பலர் இருந்தனர்; அரியலூர் உரக்கடை மாடியில் நாலரை அடி முன்னேறிய அரியமுத்துவைப் பாட ஒரு நாதியும் இல்லை. கங்கைக்குப் போன படைக்கு மலையும் ஆறும்தான் தடை. இவனுக்கோ ஒரு நிலைப்படி தடையாக நின்றது.

எரிந்தால் ஊரையே ஊமையாக்கும் சிவப்பு விளக்கே, காப்பு! பெருஞ்சத்தம் கேட்டால் பேய் பிடித்தது போல் துள்ளும் கருவி முள்ளே, நீயும் காப்பு! அடுத்தபடியாக அவையடக்கம் சொல்ல வேண்டும். அடக்கம் இந்தக் கதைசொல்லிக்குக் கொஞ்சம் கம்மி. ஆகவே கதைக்குப் போவோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, பங்குனி மாதம். சுண்ணாம்புக்கல் லாரிகள் வாரியிறைத்த வெண்புழுதியால் கொளுத்தும் வெயிலிலும் பனிமூடி நிற்கும் அரியலூர். அங்கே கடைத்தெருவில், நுழைந்தவன் மூக்கைப் பிடிக்கும் ஓர் உரக்கடை. அதன் தலைமேல் இருபத்திரண்டு படி ஏறினால் நடராசனின் ஒலிப்பதிவுக் கூடம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட்டு கட்டிக்கொண்டிருந்தவன் நடராசன். சென்னையில் ஒரு ஸ்டுடியோ வாசலில் ஏழு மாதம் டீ வாங்கிக் கொடுத்து அவன் கற்றுவந்த கலையெல்லாம் அந்த மாடியில் குவிந்திருந்தது. சுவரெங்கும் முட்டை அட்டை. முட்டை அட்டை தீர்ந்த இடத்தில் சாக்கு. சாக்கும் தீர்ந்துபோன சன்னலில் அவன் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், இருபெருஞ் சக்கரம் சுழலும், சத்தம் மிஞ்சினால் சிவப்புக்கு ஓடும் முள் பதித்த பழைய டேப் ரெக்கார்டரின் முன்னே, காதிரண்டுக்கும் கவசமிட்டு நடராசன் வீற்றிருப்பான். இப்பால், உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு மைக் தொங்கும். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இருமுகிறவருக்கும் அந்த ஒரு மைக்தான்.

ஒரே மைக் உள்ள நாட்டில் ஒரே நீதி: மெல்லோசை கிட்டே, வல்லோசை எட்டே. அன்று பதிவாக வேண்டியது ஒரு மாரியம்மன் பாட்டுக் கேசட். கூப்பிட்டது பக்கத்தூர் விழாக் குழு. விழாக் குழுத் தலைவரின் மைத்துனன் என்ற ஒற்றைச் சுருதியை நம்பிப் பாட வந்திருந்த முத்துசாமி, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தப்பட்டான். ஆர்மோனியம் ராசாங்கம் இரண்டடி தள்ளி, சிவப்புக் கோடு போட்ட சமுக்காளத்தில் சப்பணமிட்டு அமர்ந்தான். மூன்றாவதாக அரியமுத்து தோளிலிருந்து பறையை இறக்கி, அதே சமுக்காளத்தின் மிச்ச ஓரத்தில் ஒரு காலை மடக்கிய கணத்தில், நடராசன் ஓடிவந்து கைகூப்பினான்.

"பெரியவரே, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒங்க மோளத்த உள்ள அடிச்சா முள்ளு செவப்புக்குப் போயிடும், பாட்டு முழுக்கக் கரகரன்னு ஆயிடும். வெளில படிக்கிட்ட நின்னு அடிங்க, கதவ ஒரு விரக்கடை தெறந்து வைக்கிறேன். இதுக்குப் பேரு பேலன்ஸுங்க."

பேலன்ஸ்! என்ன ஒரு வெள்ளை வேட்டி கட்டிய சொல்! முப்பதாண்டுகளாக அம்மன் புறப்பாட்டுக்கு அடித்தவன் அரியமுத்து; கோயிலுக்கு வெளியேதான் நின்றான். ஊர்ப்பெரியவர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அடித்தான். பந்தலுக்கு வெளியேதான் நின்றான். உயிரோடு இருந்தவர்க்கெல்லாம் வெளியே நின்று, பிணமானவர்க்கு மட்டும் முன்னே நடந்தான். முன்பெல்லாம் அதற்கு வழக்கம் என்று பெயர். வழக்கம் பழசானபோது சாமி குத்தம் என்றார்கள். இப்போது மின்சாரத்தில் ஓடுகிற புதுப்பெயர் வந்திருக்கிறது. நடராசன் பொய் சொல்லவில்லை, முள் உண்மையிலேயே துள்ளும், அதுதான் கொடுமை.

அரியமுத்துவுக்கு வலித்தது. 'ஸ்டுடியோவுக்கு வாங்க' என்று ஆள் வந்து அழைத்த நாளிலிருந்து, உள்ளே உட்கார்ந்து வாசிக்கப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லியிருந்தான். அதற்காகவே சலவைக்குப் போட்டு வாங்கிய வேட்டி அவன் இடுப்பில் மொடமொடத்தது. இருந்தும் எதிர்த்துப் பேசாமல் வெளியேறினான். பேசி ஜெயிக்கும் வித்தை முத்துசாமி வகையறாவுடையது, அவனுடையதன்று. படித்திருப்பில் நின்று, கேட்க ஆளில்லாத காரணத்தால் பறையைப் பார்த்தே வஞ்சினம் கூறினான்: "இன்னிக்கு அந்தச் சமுக்காளத்துல நான் குந்தலன்னா, இந்தக் குச்சி ரெண்டையும் அடுப்புல வச்சிடறேன்!"

மூண்டது போர். சிவப்பு விளக்கு எரிந்தது. முத்துசாமி, தாயே என்று தொண்டையைத் திறந்தான். கதவிடுக்கு வழியே பறை முழங்கிற்று. அப்போதுதான் அரியமுத்து, படைத்தலைவர்க்கே வாய்க்கும் கூர்நோக்கால், பகைவர் கோட்டையின் ஓட்டையைக் கண்டுபிடித்தான். சிவப்பு விளக்கு எரிகிறவரை உள்ளே எவனும் வாய்திறக்கக் கூடாது. பேசினால் பேச்சும் பதிவாகிவிடும். பதிவானால் எல்லாம் முதலிலிருந்து. வாய்திறக்க முடியாதவன் 'வெளியே போ' என்று எப்படிச் சொல்வான்? இந்த நியாயம் பிடிபட்டதும் அவன் தோள் கதவை ஒதுக்க, இடது கால் தானாக நிலைப்படியைத் தாண்டியது.

கண்ணாடிக்கு அப்பால் நடராசன் இரு கைகளையும் காற்றில் வீசினான், வயலில் கிளி விரட்டுகிறவனைப் போல. அரியமுத்து அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓர் அடி வைத்தான். முத்துசாமி பாடிக்கொண்டே முறைத்தான். ராசாங்கம் துருத்தியை அமுக்கிக்கொண்டே முழங்காலால் தடுத்தான். மூன்று பேரும் மூச்சுவிடாமல் சண்டையிட, வாய்ச்சொல் ஒன்றும் இல்லாத அந்த மௌனப் பெரும்போரின் நடுவே, முள் சிவப்புக்கு எகிறி அங்கேயே நின்றுகொண்டது. விளக்கு அணைந்தது, முதல் டேக், அதாவது முதல் பதிவு, மண்ணைக் கவ்வியது.

"ஏய் அரியமுத்து! ஒன்ன எங்க நிக்கச் சொன்னாங்க, நீ எங்க வந்து நிக்கிற?" என்று முழங்கினான் முத்துசாமி.

"பாட்டு கேட்டா காலு நிக்க மாட்டேங்குதுங்க" என்றான் அரியமுத்து, பச்சைப்பிள்ளை முகத்தோடு.

பாராட்டைப் பழி என்று தள்ள எந்தப் பாடகனால் முடியும்? முத்துசாமி மீசையைத் தடவிக்கொண்டான். ஆனால் நடராசன் சும்மா இருக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியே சாக்பீசால் ஒரு கோடு கிழித்து, "இதத் தாண்டாதீங்க பெரியவரே, கால்ல விழுந்து கேக்குறேன்" என்றான். இலக்குவன் கிழித்த கோட்டுக்குப் பிறகு தமிழ்நிலத்தில் இத்தனை கவலையோடு கிழிக்கப்பட்ட கோடு வேறில்லை.

கோட்டைக்கூட வென்றுவிடலாம்; ஆனால் வீரனுக்கு அவன் ஆயுதமே பகையானது. பறைத்தோல் சூடாக இருக்கும்வரைதான் பேசும். ஆறினால் தொய்ந்து, சளி பிடித்த தொண்டைபோல் கம்மிவிடும். டேக்குக்கு டேக் காய்ச்சியாக வேண்டும். காய்ச்ச வேண்டுமானால் இருபத்திரண்டு படி இறங்கி, கடைக் கொல்லைக்குப் போய், வைக்கோல் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டித் தட்டிப் பார்த்து, மறுபடி இருபத்திரண்டு படி ஏற வேண்டும். உரக்கடைக்காரரோ, "யோவ், பூச்சிமருந்து இருக்கற எடத்துல தீய வைக்கிறியே, கடையக் கொளுத்திடுவ போலருக்கே!" என்று கீழே ஒரு தனிப்போர் நடத்தினார். அவரைச் சமாளித்து மூச்சிரைக்க மேலே வந்தால், கோடு அரையடி பின்வாங்கியிருக்கும். ஆர்மோனியப் பெட்டி வாசலுக்கு நேரே பூதம்போல் உட்கார்ந்திருக்கும். வென்ற நிலமெல்லாம் பறிபோயிருக்கும்.

இரண்டாம் டேக்கில் ஓரடி பிடித்தான், வைக்கோலுக்குப் போனான், இழந்தான். மூன்றில் ஒன்றரை அடி பிடித்தான், இழந்தான். நான்காவது டேக்கில் அவன் அசையவேயில்லை, ஆனால் தெருவில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி ஆரன் அடித்துத் தன் பங்கையும் செய்தது. ஐந்தில் முத்துசாமிக்கு வரி மறந்தது. அந்தப் பழியும் பறையின் மேல்தான் விழுந்தது. ஆறில் சமுக்காள ஓரத்தைக் கால் பெருவிரலால் தொட்டேவிட்டான் நம் தலைவன். தொட்ட கணத்தில் முள் எகிறியது, விளக்கு அணைந்தது. காற்றாடி போட்டால் அதன் இரைச்சலும் பதிவாகும் என்பதால், சன்னலை மெத்தை அடைத்த அந்த அறையில் நால்வரும் இட்லிபோல் வெந்துகொண்டிருந்தார்கள். சலவை வேட்டியின் மொடமொடப்பு எப்போதோ செத்துப் போயிருந்தது.

அப்போது நடராசன் கண்ணாடித் தடுப்பைவிட்டு வெளியே வந்து, போர்க்களத்தில் பேரரசன் மரணச் செய்தி சொல்லும் தூதனைப் போலச் சொன்னான்: "டேப்பு இன்னும் ஒரு தடவைக்குத்தாங்க வரும். இது கெட்டா எனக்குக் கேசட்டும் இல்ல, ஒங்களுக்குத் திருவிழாப் பாட்டும் இல்ல."

எல்லார் கண்ணும் அரியமுத்துவின் மேல் திரும்பியது. தோல் ஆறியிருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தான், பொதக் என்றது. கீழே வைக்கோல் காத்திருந்தது, உரக்கடைக்காரர் காத்திருந்தார். இறங்கினால் தோல் ஏறும்; ஆனால் ஏறிவரும்போது கோடு எங்கே இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தொய்ந்த தோலில் அடிப்பது அவன் வம்சத்தில் எவனும் செய்யாத இழிவு. பிணத்துக்குக்கூட அப்படி அடித்ததில்லை. ஒருபக்கம் பறையின் மானம், மறுபக்கம் தன் மானம். உலகத்துக் காவியத் தலைவர்களெல்லாம் இப்படி ஒரு முச்சந்தியில் நின்று நூறு பாட்டுக்குக் குறையாமல் புலம்புவது வழக்கம். அரியமுத்து புலம்பவில்லை. கோட்டைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, ராசாங்கத்தின் முழங்காலையும் தாண்டி நடந்து, மைக்குக்குக் கைநீட்டினால் எட்டும் தூரத்தில், சமுக்காளத்தின் நட்டநடுவே சம்மணங்கொட்டிக் குந்தினான்.

"நீங்க வெளக்கப் போடுங்க சார்" என்றான்.

முத்துசாமி ஏதோ முழங்க வாயெடுத்தான். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. நடராசனின் விரல், விதியின் விரலென, பொத்தானில் விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்த வாய் வேறு வழியின்றித் தாயே என்று பாடத் தொடங்கியது. அரியமுத்து அடித்தான். ஆறிய தோல் அதிரவில்லை, முனகியது. கண்ணாடிக்கு அப்பால் நடராசனின் கண்கள் விரிந்தன. முள் சிவப்பின் வாசல்வரை வந்தது. வந்து, நல்ல பிள்ளையாகத் திரும்பியது. மறுபடி வந்து, மறுபடி திரும்பியது. பறையின் முழக்கம் அரியமுத்துவின் காதுக்கே அன்னியமாய்க் கேட்டது. ஆனால் தொடைக்குக் கீழே சமுக்காளம் இருந்தது, தலைக்கு மேலே கூரை இருந்தது, முகத்துக்கு நேரே மைக் இருந்தது. ஒரு வரி பிசகாமல், ஒரு லாரி கத்தாமல் பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது.

"டேக் ஓக்கே!" என்று விண்ணதிரக் கூவினான் நடராசன். "பெரியவரே, இதுதாங்க பேலன்ஸு!"

முழங்குக முரசு! ஊதுக சங்கு! முப்பதாண்டு முற்றுகையை முடித்து, மூன்று பேர் கட்டிய அரணைத் தகர்த்து, உள்ளே குந்திய ஒப்பிலாத் தலைவன், முத்துசாமி எழுந்த பின்னும் எழாமல், ராசாங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பின்னும் போகாமல், நடராசன் வந்து சமுக்காளத்தைச் சுருட்டப் பிடித்து இழுத்த பின்புதான் எழுந்தான். படிகள் இருபத்திரண்டிலும் பட்டத்து யானைபோல் இறங்கினான். உரக்கடைக்காரருக்கும் ஒரு கும்பிடு போட்டான். அன்று மாலை பஸ்ஸிலும் மறுநாள் டீக்கடையிலும், "உள்ளயே குந்த வச்சிட்டாங்கப்பா, மைக்கு என் மூஞ்சிக்கு நேரா!" என்று பரணி பாடினான். பாட்டு திருச்சிக்குப் போய்க் கேசட்டாகி, மஞ்சள் அட்டை போட்டு, பங்குனி கழிவதற்குள் ஊர் ஊராய்ப் பரவியது. அவன் தெருவில் ஒரு வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. தெருவே அங்கு கூடியது. அரியமுத்து தன் மனைவியை முன்வரிசையில் உட்காரவைத்து, பொத்தானைத் தானே அமுக்கினான்.

முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு பொன்னாயி, "மோளம் எங்கியோ தெருக்கோடில கேக்குது, ஒங்கள வெளிலயா நிக்க வச்சாங்க?" என்று கேட்டாள்.