கீபோட்டில் திட்டிய சைரன் அக்கா

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இதுவரை வந்த கப்பல்களில் சைரன் அக்காவை விடச் சத்தம் கூடியது எதுவும் இல்லை. மூதூர்ப் படகு ஏறும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சோற்றுக்கடை. "மீன் சோறு இருக்கு!" என்று கூப்பிட்டால், மூதூரில் இறங்கிவிட்டவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கடைக்கு மேல் அறையில் குடியிருந்த நான் அலாரம் வைத்ததே இல்லை.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் திரும்புமோ தெரியாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். கட்டடச் சொந்தக்காரருக்கோ அங்கே வெளிநாட்டுக்காரருக்கு ஜூஸ் கடை போட நெடுநாள் ஆசை. செய்தி கேட்டதும் ஓடி வந்தார்.

"தங்கச்சி, படகுக்கு ஓடுற சனத்தைக் கூப்பிடாம இங்க வியாபாரம் செய்ய ஏலாது. இடத்தைத் தாங்கோ."

அக்கா அவரை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே மாடி ஏறி என்னிடம் வந்தார். நான் கலியாண வீடியோக்களுக்கு லப்டொப்பில் மியூசிக் போட்டுப் பிழைக்கிறவன்.

"தம்பி, மேளகாரர் இல்லாமலே உன்ட பெட்டிக்குள்ள மேளம் கேக்குதெல்லோ, அது என்னெண்டு?"

"சாம்ப்ளர் எண்டு ஒண்டு இருக்கு அக்கா. ரெக்கோட் பண்ணின சத்தத்தை அதுக்குள்ள போட்டா, கீபோட்டில கட்டையை அமத்தக்க கேக்கும்."

"அப்ப என்னையும் போடு. வெட்டுறவன் வெட்டட்டும். என்ட குரல் என்னட்ட இருக்கோணும்."

மைக்குக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சாப்பாட்டு வகைகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஏச்சுகளுக்குத்தான் நாள் கணக்காயிற்று. நான் தேத்தண்ணி வாங்கக் கீழே போன நேரத்திலும் தனியே எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது தொண்டையில் வெறும் காற்றுத்தான் மிஞ்சியிருந்தது. கூப்பாடுகளை வரிசையாக அடுக்கி மத்தியானம் முழுக்க ஓடவிட, பாட்டுப் பதிகிற சொஃப்ட்வெயாரோடு சாம்ப்ளரை இணைத்தேன். கட்டையை அமத்தினால் திரையில் பச்சை விளக்குத் துள்ளியது, ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்காத புருசன் பெண்சாதி போல இரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அக்கா பார்த்த பார்வையிலேயே நாலு ஏச்சு இருந்தது. சாம்ப்ளரின் சத்தத்தை எந்த ட்ராக்குக்கும் நான் திறந்துவிடவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அதைத் திருத்தும் பதற்றத்தில் இன்னொரு பிழை விட்டேன். அவருடைய ஒரேயொரு "ஏலாது"வைக் கீபோட்டின் அரைவாசிக் கட்டைகளுக்குப் பரப்பிவிட்டேன். மேல் கட்டையில் அது எலி போலக் கீச்சிட்டது. அடிக்கட்டையில் எருமை போல முக்கியது. அழிக்கப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

"விடு," என்றது காற்று. "கீச்சுச் சத்தம் மீன் திருட வாற பூனைக்கு. அடியில இருக்கிறது வேற ஒராளுக்கு."

அந்த ஆள் அடுத்த வாரமே வந்தார், அளவு நாடாவோடும் இரண்டு மேசன்மாரோடும்.

"குரலே இல்லாம என்னெண்டு தங்கச்சி..."

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். அடிக்கட்டையை அமத்தினார்.

"ஏஏலாஆஆது!"

கோயில் திருவிழா ஸ்பீக்கரை இரவல் வாங்கி வைத்திருந்தோம். தெருவில் மாடு போலத் திரிந்து குப்பை மேயும் எங்கள் ஊர் மான் ஒன்று மதிலைப் பாய்ந்தது. படகுக்கு ஓடிய சனம் அப்படியே நின்றது.

"இது மிசின்! நீங்க கதைக்கேல்லை!" என்று சொந்தக்காரர் கத்தினார்.

அக்கா அடுத்த கட்டையை அமத்தினார். "மீன் சோறு இருக்கு! கையைக் கழுவிப்போட்டு இருங்கோ!"

நின்ற சனம் உள்ளே வந்தது. முதலில் கை கழுவியவர்கள் அந்த மேசன்மார்தான். நெரிசலில் தள்ளுப்பட்டுக் கடைசியில் சொந்தக்காரரும் ஒரு கதிரையில் இருந்தார், இரண்டாந்தரம் சோறும் கேட்டார். ஜூஸ் கடைக் கதை அதோடு சரி.

அக்காவின் குரல் கரகரப்பாக மட்டும் திரும்பியது. நான் லிங்கநகருக்கு வீடு மாறியபோது அவருடைய சத்தங்களை எனக்கும் ஒரு பிரதி எடுத்தேன். அப்போதுதான் எந்தக் கட்டைக்கும் போடாமல் கிடந்த ஒரு பதிவு கண்ணில் பட்டது. நான் தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தது. வலப்பக்கக் கடைசிக் கட்டையில் போட்டுக் கேட்டேன். கூப்பாடில்லை, ஏச்சில்லை. அந்தத் தொண்டையில் நான் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரல்.

"தம்பி, சோறு ஆறுது. கீழ வாடா."

இப்போதும் மத்தியானங்களில் அந்தக் கட்டையை அமத்துவேன். உடனே லப்டொப்பை மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போய்விடுவேன்.